சுமையை இறக்கிய துறவி

மனமாற்றத்தைப் பற்றிய நூல்களுள், சுவாமி அபிஷிக்தானந்தாவின் அருணாசல நினைவுகளுக்குத் தனி இடம் உண்டு. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ஆன்ரி லெ சோ என்னும் இவர், 1949 சனவரியில் அருள்தந்தை மொன்சானினுடன் திருவண்ணாமலை இரமணாசிரமத்திற்கு வந்தார். 1973இல் அவர் இறைவனடி சேர்ந்தபின், 1978இல் நூல் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று.

நூலின் உயிர்நிலை, பின்னாளில் அவர் தங்கிய மலைக்குகைகளில் இல்லை. முதல் வருகையின் ஏமாற்றத்தில் இருக்கிறது. மகரிஷியிடம் தெய்விக ஒளியைத் தேடினார். அன்பான முதியவர் ஒருவரையே கண்டார். மனம் நிறையச் சுமையோடு வந்துவிட்டீர் என்று அங்கிருந்த ஆங்கில அம்மையார் ஒருவர் அவரைக் கடிந்துகொண்டார். கற்றறிந்த குரு ஒருவர் இதை மறைக்காமல் எழுதியிருப்பது நம் நெஞ்சைத் தொடுகிறது. தன் குறையை ஏற்றுக்கொள்வதே ஒப்புரவின் முதற்படி அன்றோ!

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ‘நான் யார்’ என்னும் இரமணரின் விசாரணை அறியாமையை அகற்ற முனைகிறது. நற்செய்தியோ பாவத்திலிருந்து திரும்ப அழைக்கிறது. அகந்தை உதிர்வதை விரிவாகப் பேசும் இந்நூல், நம்மால் காயமுற்ற அயலாரைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதோடு நின்றுவிடவில்லை. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். அன்று அவர் வீட்டிற்கு மீட்பு வந்தது.

தவக்காலத்தில் இந்நூலைப் படிக்கலாம். படித்து முடித்ததும், யாருக்கு என்ன திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தல் நலம்.