புகையில்லாத ஐலா

இரண்டு வருஷத்துக்கு முந்தைய என் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: "புன்னஹாவென் 12. மெல்லிய புகை, கடல் உப்பு, உலர்திராட்சை." இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன்னா, அந்த விஸ்கியில் சொல்லும்படியான புகையே கிடையாது. பாட்டிலில் 'ஐலா' என்று போட்டிருந்தது, நான் புகையை எழுதிவிட்டேன். அவ்வளவுதான்.

ஐலா ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய தீவு. அதன் தெற்குக் கரையில் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று ஆலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றுமே புகைக்குப் பேர் போனவை. ஐலா என்றாலே புகை என்ற எண்ணம் பெரும்பாலும் இவற்றால் வந்ததுதான்.

ஆனால் புகை மண்ணிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ தானாக வருவதில்லை. முளைகட்டிய பார்லியைக் காயவைக்கும் சூளையில் பீட்டை எரிப்பார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாக மட்கிப் படிந்த செடிகொடிகள்தான் பீட். அந்தப் புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆர்ட்பெக்குக்குப் போகும் பார்லியில் இது பத்து லட்சத்துக்குச் சுமார் 50 பங்கு. புன்னஹாவென் 12-க்கான பார்லியில் ஒன்றிரண்டு பங்குதான். ஆக, புகை என்பது ஊரின் குணம் இல்லை, ஆலைக்காரர்கள் எடுக்கும் முடிவு.

1881-இல் தீவின் வடகிழக்குக் கரையில் தொடங்கிய இந்த ஆலையும் ஆரம்பத்தில் பீட் எரித்ததுதான். 1960-களில் கலப்பு விஸ்கி தயாரிப்பாளர்களுக்கு மென்மையான சரக்கு தேவைப்பட்டதால் அதை விட்டார்கள். இன்றைக்குப் புகையுள்ள வகைகளையும் தனியாகத் தயாரிக்கிறார்கள்.

சரி, அந்த 'கடல் உப்பு'? அதையும் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. நண்பர் ஒருவரை மூன்று கிளாஸ்களில் ஊற்றி, எது எதுன்னு சொல்லாமல் தரச் சொன்னேன். லஃப்ராய்க்கை மூக்கருகே கொண்டுபோனதுமே கண்டுபிடித்துவிட்டேன். அதில் பெருமை ஒன்றுமில்லை, யாரும் கண்டுபிடிப்பார்கள். மற்ற இரண்டில் ஒன்றை, "இது ஸ்பேசைட், ஷெர்ரி பீப்பாய்" என்று அடித்துச் சொன்னேன். அதுதான் புன்னஹாவென். உப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. லேபிளைக் காட்டிய பிறகு குடித்தால், நாக்கோரத்தில் லேசாக உப்பு! இதை என்னவென்று சொல்வது?

பெயரை மறைத்துக் குடித்ததில் வேறு சிலது தெளிவாகக் கிடைத்தன. முதலில் தேன், அப்புறம் உலர்திராட்சை, வறுத்த பாதாம், கடைசியில் லேசான கசப்போடு ஓக் மரம். வாயில் ஒரு எண்ணெய்ப் பதம். 2010-லிருந்து இதை 46.3 சதவீதத்தில், குளிரவைத்து வடிகட்டாமல், நிறம் சேர்க்காமல் அடைக்கிறார்கள். அப்படி வடிகட்டினால் கொழுப்புச் சேர்மங்களில் ஒரு பகுதி போய்விடும். இதில் அவை தங்கிவிடுவதால் வாயில் அந்தக் கனம் நிற்கிறது. சில்லென்று தண்ணீர் விட்டால் லேசாகக் கலங்கும், பயப்பட வேண்டாம்.

குறையும் உண்டு. ஷெர்ரி பீப்பாயின் இனிப்பு சில நேரம் மற்றதையெல்லாம் மூடிவிடுகிறது. புகைக்காக ஐலாவைத் தேடி வருபவர்களுக்கு இது ஏமாற்றம்தான். எனக்கு அந்த ஏமாற்றம் நல்லதே செய்தது. புகை இருந்தால் ரசிகன் தப்பித்துக்கொள்ளலாம், "புகை" என்று எழுதிவிட்டு எழுந்து போகலாம். இங்கே உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது.

பழைய வரியை அடிக்கவில்லை, பக்கத்திலேயே புதிய குறிப்பை எழுதிவைத்திருக்கிறேன். அதில் புகை இல்லை. உப்புக்கு நேராக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

நீங்களும் குடித்துப் பார்ப்பதாக இருந்தால், சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். முடிந்தால் பாட்டிலை வேறு யாராவது கையில் கொடுத்துவிடுங்கள்.