ஒரே தூண்டில், இரண்டு அறிக்கைகள்

2022 ஆகஸ்ட்டில், இரண்டு நாள் இடைவெளியில், இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் வலைப்பதிவில் ஆளுக்கொரு அறிக்கை போட்டன. 7ஆம் தேதி ட்விலியோ, 9ஆம் தேதி கிளவுட்ஃபிளேர். இரண்டிலும் ஊழியர்களுக்குப் போலி எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, இரண்டிலும் சிலர் நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார்கள். ட்விலியோவுக்குள் திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். கிளவுட்ஃபிளேருக்குள் நுழைய முடியவில்லை. ஆபீஸ் லாகின் பத்தி யாராவது கேட்டா, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்கன்னுதான் சொல்வேன்.

விவரமாக எழுதப்பட்டது கிளவுட்ஃபிளேர் அறிக்கைதான். ஜூலை 20 அன்று, ஒரே நிமிடத்துக்குள், குறைந்தது 76 ஊழியர்களுக்கு எஸ்எம்எஸ். சில செய்திகள் வீட்டு ஆட்களின் போனுக்கும் போயிருக்கின்றன. அந்தப் போலி இணைய முகவரி பதிவு செய்யப்பட்டு 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. உள்ளே போனால் ஓக்டா லாகின் பக்கம் மாதிரியே ஒரு பக்கம். அதில் டைப் செய்த பாஸ்வேர்டு டெலிகிராம் வழியாக அந்த நொடியே திருடனுக்குப் போகும். அடுத்து ஆறு இலக்க எண் கேட்கும். அதுவும் போகும். எண் காலாவதி ஆவதற்குள் அவன் அசல் தளத்தில் போட்டுவிடலாம். "எங்ககிட்டதான் ஓடிபி இருக்கே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். அந்த எண்ணுக்குத் தன்னை எந்தத் தளத்தில் டைப் செய்கிறார்கள் என்பது தெரியாது.

இணையப் பாதுகாப்பையே விற்கிற கம்பெனி, தன் ஆட்கள் 3 பேர் ஏமாந்தார்கள் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறது. அவர்களைத் திட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறது. காப்பாற்றியது ஊழியர்களின் உஷார் இல்லை, எல்லோருக்கும் கொடுத்திருந்த ஃபிடோ2 சாவி. லாகின் செய்யும்போது பிரவுசர், தான் நிற்கும் தளத்தின் முகவரியைச் சேர்த்தே சாவியிடம் கையெழுத்து கேட்கும். அசல் தளத்துக்காகப் பதிந்த சாவி, போலி முகவரிக்கு எதையும் தராது. மனிதக் கண் தவறவிடுகிற அந்த ஒப்பீட்டை இங்கே இயந்திரம் செய்கிறது.

இனி என் குறைகள். இரண்டு அறிக்கைகளும் இதை அதிநவீனத் தாக்குதல் என்கின்றன. எது அதிநவீனம்? ஊழியர் பெயரையும் போன் நம்பரையும் சரியாகப் பொருத்தினார்களாம். அதைத் தாண்டி இருந்தது ஒரு போலிப் பக்கமும் ஒரு எஸ்எம்எஸ்ஸும்தான். இதே கும்பல் 130க்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் குறிவைத்ததாக குரூப்-ஐபி அந்த மாதமே சொன்னது. அதிநவீனம் என்று சொன்னால் நம்ம மேல தப்பில்லன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

தூண்டிலில் இருந்த புழு எது என்பதை ட்விலியோவே சொல்லியிருக்கிறது: உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, இங்கே போய் லாகின் செய்யுங்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத் திருடன் கண்டுபிடிக்கவில்லை. 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி, இந்தச் செய்தி வந்தால் கேள்வி கேட்காமல் கிளிக் செய்ய உலகம் முழுக்க ஆபீஸ் ஆட்களைப் பழக்கியது ஐடி துறைகள்தான். பாஸ்வேர்டு கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு 2017லேயே எழுதிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டது. இந்தப் பின்னணி பற்றி ட்விலியோ அறிக்கையில் ஒரு வார்த்தை வந்திருக்கலாம்.

மாறாக, முதல் அறிக்கையில் வருவது பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி வலியுறுத்தினோம் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில், பரிசோதனைக்காக அனுப்பும் போலி மெயிலை கிளிக் செய்தவர்களை வகுப்பில் உட்கார வைப்பார்கள், மேனேஜருக்கும் பட்டியல் போகும். விளைவு, நிஜமாகவே ஏமாந்தவர் வாயே திறக்க மாட்டார். ட்விலியோ எல்லா ஊழியர்களுக்கும் ஃபிடோ2 சாவி கொடுத்ததைப் பின்னால் வந்த அறிக்கையில்தான் பார்க்கிறோம். அதற்குள் 209 வாடிக்கையாளர்களின் தகவல் பார்க்கப்பட்டுவிட்டது. அதில் ஒன்று சிக்னல், அதனால் அதன் பயனர்களில் சுமார் 1,900 பேரின் நம்பர்களும் ஆபத்துக்குள்ளாயின.

கிளவுட்ஃபிளேர் அறிக்கை நடுநடுவே தன் சொந்தப் பொருட்களுக்கு விளம்பரமாக மாறுவது எரிச்சல். ஆனால் பலரும் தாண்டிப் போகிற ஒரு வரி அதில் இருக்கிறது: ஆறு இலக்க எண்ணை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை. சாவி வாங்கிக் கொடுத்த பல ஆபீஸ்களில், லாகின் பக்கத்தின் அடியில் "வேறு வழியில் முயற்சிக்கவும்" என்று ஒரு லிங்க் இன்னும் இருக்கும். அதைத் தட்டினால் பழைய ஓடிபி. போலிப் பக்கம் செய்கிறவன் சாவியைக் கேட்கவே வேண்டாம். நேராக அந்த ஓடிபி கட்டத்தை மட்டும் காட்டினால் போதும்.