முப்பதாம் நம்பர் நாய்!

லண்டனில் ஓடும் 30-ம் நம்பர் பஸ்ஸை நாயாக வரைந்திருக்கிறார் பஜ்ஜு ஷியாம். கிண்டல் இல்லை. பாஷை தெரியாத ஊரில் தினமும் தவறாமல் வந்து வேலைக்குக் கூட்டிப்போன ஜீவன் அது. விசுவாசத்துக்கு நாயை விட்டால் வேறு யார்?

பஜ்ஜு, மத்தியப்பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்துக்காரர். கோண்டு ஓவியர். போபாலில் நைட் வாட்ச்மேனாகவும் வேலை பார்த்தவர். 2002-ல் லண்டனில் ஒரு ஓட்டல் சுவரில் படம் தீட்டக் கூப்பிட்டார்கள். இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து வரைந்ததுதான் 'தி லண்டன் ஜங்கிள் புக்'. 2004-ல் வெளியிட்டது நம்ம சென்னை தாரா புக்ஸ்!

அதில் பிக் பென் கடிகாரம், சேவலின் கண். சுரங்க ரயில், மண்புழு. விமானம், றெக்கை முளைத்த யானை. சாயங்காலமானால் பப்பில் கூடும் வெள்ளைக்காரர்கள், வௌவால்கள்! மணலியில் ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கும்போது ரிஃபைனரி புகைபோக்கி நுனியில் எரியும் தீயை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். எனக்கு அது புகைபோக்கியாக மட்டும்தான் தெரிகிறது. என்னத்தைச் சொல்ல?

கண்காட்சிகளில் இந்த ஓவியங்களுக்குப் பக்கத்தில் 'ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று அட்டை வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோண்டுகளின் கதையைக் காலங்காலமாகச் சுமந்தவர்கள் பர்தான் என்ற பாணர்கள். 'பானா' என்ற நரம்பு வாத்தியத்தை இசைத்துப் பாடினார்கள். வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் கோலம் மாதிரி 'டிக்னா' போட்டார்கள். பாட்டில் இருந்த தெய்வங்களைக் காகிதத்துக்கும் கேன்வாஸுக்கும் இறக்கியவர் அதே பாட்டன்கட்டைச் சேர்ந்த ஜங்கட் சிங் ஷியாம். எண்பதுகளின் தொடக்கத்தில் அவரை போபால் பாரத் பவனுக்கு அழைத்து வந்தவர் ஓவியர் ஜெ.சுவாமிநாதன் (சிம்லாவில் பிறந்த தமிழர்!). 1989-ல் ஜங்கட்டின் படங்கள் பாரீஸுக்கே போய்விட்டன.

அவர் வீட்டுக்கு வந்து தங்கிய சொந்தபந்தமெல்லாம் தூரிகை பிடித்தது. மனைவி நன்குசியா, மகள் ஜபானி, மகன் மயங்க், அண்ணன் மகன் முறையான பஜ்ஜு... எல்லோருமே ஓவியர்கள். விமர்சகர்கள் 'ஜங்கட் கலம்' என்கிறார்கள். அதாவது ஒரு மனுஷனின் பெயரால் அமைந்த பாணி. அந்த மனுஷன் 2001-ல் ஜப்பானில், ஒரு மியூசியத்துக்கு வரைந்து கொடுக்கப் போன இடத்தில், தற்கொலை செய்துகொண்டார். 'ஆயிரமாயிரம் ஆண்டு' அட்டையில் அவருக்கு இடமே கிடையாது.

உருவத்துக்குள்ளே நிரப்பும் புள்ளி, கோடு, மீன் செதில்... இதில்தான் சூட்சுமம். ஒவ்வொருவருக்கும் தனி டிசைன். கையெழுத்து மாதிரி. தாரா புக்ஸின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தில் பஜ்ஜு, துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என மூன்று பேர் மரங்கள் வரைந்திருக்கிறார்கள். கறுப்புக் காகிதத்தில் கையாலேயே ஸ்கிரீன் பிரின்ட் செய்தது. நாலு பக்கம் நிதானமாகப் பார்த்தால் பெயரைப் படிக்காமலே எது யாருடைய மரம் என்று பிடிபட்டுவிடும். எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இல்லை. சில மரங்கள் வெறும் அழகோடு நின்றுவிடுகின்றன. லண்டன் புத்தகத்தில் இருக்கும் குறும்பு இதில் குறைவுதான்.

இப்போது பெட்ஷீட், குஷன் உறை என எங்கே பார்த்தாலும் கொம்பு மரமாக விரியும் அந்த ஒரே மான். 'கோண்டு பிரின்ட்' என்று சீட்டு. எந்தக் குடும்பத்தின் புள்ளி அது? கடைக்காரருக்குத் தெரியாது. 2023-ல் மத்தியப்பிரதேச கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். நான் பி.காம் படித்தவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குறியீடு காப்பாற்றுவது வட்டாரத்தின் பெயரை. துர்கா பாயின் கையெழுத்தைத் திருடி மிஷினில் அடித்த பெட்ஷீட்டுக்கு, துர்கா பாய்க்கு எத்தனை ரூபாய்?