குடிபுகல்: சிலம்பும் கரிசற் புதினங்களும்

1. முன்னுரை

மனை என்னும் சொல் வீட்டைக் குறிக்கும், வீடு கட்டுதற்குரிய நிலத்தைக் குறிக்கும், இல்லக்கிழத்தியையும் குறிக்கும். குடி என்னும் சொல் வீடு, குடும்பம், குலம், ஊர் என விரிந்து செல்வது. புகல் என்பதோ நுழைதலும் ஆம்; அடைக்கலமும் ஆம். இம்மூன்று சொற்களையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு ஒரு வினா எழும். புதிய மனையொன்றில் நுழைந்தவர் நுழைந்த அன்றே அம்மனைக்கு உரியர் ஆகிவிடுவரோ? அல்லர் எனின், என்று, எச்செயலால் உரியர் ஆவர்? இவ்வினாவிற்கு நம் இலக்கியம் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்விற்கு மூன்று நூல்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று சிலப்பதிகாரம். ஏனைய இரண்டும் கரிசல் நிலத்தில் தோன்றிய புதினங்கள்: கி. ராஜநாராயணன் எழுதிய 'கோபல்ல கிராமம்' (1976), பூமணி எழுதிய 'பிறகு' (1979). காலத்தால் மிகச் சேய்மைப்பட்ட நூல்களை ஒருசேர வைத்தல் பொருந்துமோ எனின், பொருந்தும். மூன்றும் புதுக்குடி புகுந்தாரைப் பற்றியன. மூன்றிலும் புகுந்தாரின் நிலை வேறு வேறு. அவ்வேறுபாடே நமக்கு வேண்டுவது.

2. நிலமும் பெயரும்

கரிசல் நிலம் கோவிற்பட்டி, சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை எனப் பரந்து கிடப்பது. இப்புதின ஆசிரியர் இருவரும் கோவிற்பட்டிப் பகுதியினர். அப்பகுதி இன்று தூத்துக்குடி மாவட்டத்தின்பாற்படும்; சாத்தூரும் சிவகாசியும் விருதுநகர் மாவட்டத்தின்பாற்படும். ஆயினும் 1910 இல் இராமநாதபுர மாவட்டம் அமைக்கப்பெறும் வரை இவை யாவும் திருநெல்வேலி மாவட்டமாகவே இருந்தன. ஆட்சி எல்லை பிரித்தாலும் மண்ணின் இயல்பு பிரியவில்லை.

அம்மண் குடிபுகுவார்க்கு எளியதன்று. மழை பெய்யின் நீருண்டு புடைக்கும். வெயிலிற் சுருங்கி ஆழ வெடிக்கும். ஆழத் தோண்டி அடிப்படை இடாமல் எழுப்பிய சுவர் கீறிப்போகும். இத்தகைய நிலத்தில் மக்கள் மீண்டும் மீண்டும் வந்து குடியேறினர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. திருவில்லிபுத்தூர் என்னும் பெயரில் 'புத்தூர்' என்பது புதிய ஊர் என்னும் பொருட்டு. வில்லி என்னும் வேடர் தலைவன், புலியால் மாண்ட தம்பி கண்டனை இழந்த பின்னர்க் காடு திருத்தி அமைத்த ஊர் அது எனத் தலவரலாறு கூறும். இழப்பும் காடு திருத்தலும் ஊர்த்தோற்றமும் அக்கதையில் ஒருங்கு நிற்றல் நோக்கற்பாலது.

அண்மைக்கால வரலாறும் இதற்கு ஒத்ததே. தெற்கே தேரிநிலத்திலிருந்து வணிகம் கருதி வடக்கே வந்த நாடார் மக்கள் 19 ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நிலைகொண்டனர். அவர்கள் வழிநெடுக அமைத்துக்கொண்டவை பேட்டைகள். வண்டியும் மாடும் சரக்கும் அச்சமின்றி இரவு தங்குதற்குரிய மதில் சூழ்ந்த இடமே பேட்டை. வணிகத்தின்மேல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமையால் பொதுநிதி திரண்டது. அந்நிதி கோயிலும் கல்விச்சாலையும் ஆயிற்று. விருதுபட்டியில் 1889 இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இதற்குச் சான்று. 'பட்டி' 1923 இல் 'நகர்' ஆயிற்று. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. வந்தவர்கள் வேரூன்றியது தத்தம் வீட்டுச் சுவரால் மட்டும் அன்று. பிறர்க்கும் பயன்படும் பொதுவிடத்தால் என்பதே அது. இலக்கியம் கூறுவதும் இதற்கு முரண்படாமை பின்னர்ப் பெறப்படும்.

3. கண்ணகியின் இரு மனைகள்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி புதுமனை புகுதல் இருமுறை நிகழ்கின்றது. புகாரில் மணம் முடிந்தபின் கோவலனின் தாய் மகனையும் மருமகளையும் தனியில்லத்தில் அமர்த்துகின்றாள். ஏவலரும் பொருளும் உடன் தருகின்றாள். அவள் இங்ஙனம் செய்ததன் நோக்கத்தை மனையறம்படுத்த காதை வெளிப்படக் கூறுகின்றது: அறம் செய்தலும் விருந்தினரைப் பேணுதலும் அமைந்த வாழ்க்கையை அவர்கள் தாமே நடத்தக் காணவேண்டும் என்பது. ஆகவே தனிமனை தனிமைக்காகத் தரப்பட்டதன்று. பிறரை வரவேற்றற்காகத் தரப்பட்டது. தொல்காப்பியக் கற்பியல் மனையாள் மாண்புகளுள் விருந்து பேணுதலை எண்ணுவதும், திருக்குறள் இல்லறவியலில் விருந்தோம்பலை ஒரு தனி அதிகாரமாக வைத்ததும் இக்கருத்திற்கு அரண் செய்வன.

இரண்டாம் மனை மதுரைப் புறஞ்சேரியை அடுத்து நிகழ்வது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலம் தருகின்றார். மாதரி அவளை அழைத்துச்சென்று, செம்மண் பூசிய, பந்தரும் காவலும் உடைய சிற்றில் ஒன்றில் அமர்த்துகின்றாள், புதுநீர் ஆட்டுகின்றாள், தன் மகள் ஐயையைத் துணையாக வைக்கின்றாள். சமைத்தற்குரிய கலங்களும் காய்களும் அரிசியும் பாற்பயனும் வந்து சேர்கின்றன. கண்ணகி காய் அரிகின்றாள். விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, கண் சிவக்கின்றது. ஐயை வைக்கோல் தீ மூட்டித் தருகின்றாள். பனையோலைத் தடுக்கில் அமர்ந்த கணவனின் அடி கழுவி, நிலத்தில் நீர் தெளித்துத் தடவி, வாழைக்குருத்தை விரித்து உணவு படைக்கின்றாள். இன்றும் புதுமனை புகுவார் நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் முன்னே கொண்டுசென்று, அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவர். நீரும் தீயும் முதலில் வேண்டும் என்னும் இவ்வழக்கின் பழமையை இக்காட்சி நினைவூட்டும்.

இக்காட்சியைக் கற்பின் சிறப்பென்றும், பின்வரும் கொலையின் அவலத்தை மிகுவிக்கும் அமைதி என்றும் கொள்ளுதல் பெருவழக்கு. அக்கோள் பிழையன்று, ஆயின் அவ்வளவில் நில்லாது. உணவு முடிந்தபின் கோவலன் தன் பிழைகளை எண்ணி இரங்க, கண்ணகி மறுமொழி கூறுகின்றாள். தான் பிரிந்திருந்த நாளில் எவற்றை இழந்தாள் எனக் கூறுகின்றாள் என்பதை நோக்குக. அறவோர்க்கு அளித்தல், அந்தணரைப் போற்றல், துறவோரை எதிர்கொள்ளல், விருந்தினரை ஏற்றல் என்னும் நான்கையே அவள் கூறுகின்றாள். புகார் மனை எதற்காகத் தரப்பட்டதோ அதனையே அவள் இழப்பாகக் குறிக்கின்றாள். இரண்டாம் காதையில் விதைத்தது பதினாறாம் காதையில் மொழியாக முளைக்கின்றது. இவ்வியைபு தற்செயல் எனக் கொள்ளற்கில்லை.

இதனால் மதுரைச் சிற்றிலின் குறை எது என்பது புலனாகும். அங்கே நீர் உண்டு, தீ உண்டு, உணவு உண்டு, அன்பும் உண்டு. ஆயினும் கண்ணகி அங்கே விருந்தினளேயன்றி விருந்து ஏற்பவள் அல்லள். ஏற்பவள் ஆதற்குள் கோவலன் சிலம்போடு வெளியேறுகின்றான். புகுந்தவள் உரியவள் ஆகும் முன்னரே மனை குலைகின்றது. எனவே அவ்வவலம் கணவனை இழந்த அவலம் மட்டும் அன்று. முடிவுபெறாத குடிபுகலின் அவலமும் ஆம்.

மற்றொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. அடைக்கலம் தந்தார் நிலை யாது? தன்பால் ஒப்படைத்தாரைக் காக்க இயலாமற் போயிற்று என்று மாதரி தீப்புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகின்றோம். கொலைக்கு அவள் எவ்வகையிலும் காரணம் அல்லள். எனினும் புகல் தந்தவள் என்னும் பொறுப்பைத் தன்மேல் ஏற்றாள். புகல் என்பது புகுவாரை மட்டும் பிணிப்பதன்று. தருவாரையும் பிணிப்பது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

4. கோபல்ல கிராமம்: வந்தவர் ஊரார் ஆதல்

கி. ராஜநாராயணனின் புதினம் தெலுங்கு நாட்டிலிருந்து ஓடிவந்த குடியொன்றின் கதை. சென்னாதேவி என்னும் பேரழகியை அரசன் ஒருவன் விரும்ப, அவளைக் காக்கும்பொருட்டுக் குடும்பத்தார் இரவோடிரவாகப் புறப்பட்டுத் தெற்கே வருகின்றனர். வழியிற் பட்ட துன்பங்களையும், காட்டைத் தீயிட்டு அழித்து நிலம் ஆக்கியதையும், நூற்றுமுப்பத்தேழு வயதுடைய மங்கத்தாயாரு அம்மாளின் நினைவாக ஆசிரியர் கூறுகின்றார்.

ஆயின் நூல் இக்கதையோடு தொடங்கவில்லை. தனியே நடந்துவரும் கருவுற்ற பெண்ணொருத்தி நீர் பருக இறங்கிய இடத்தில், அணிகலனுக்காகக் கள்வனாற் கொல்லப்படுகின்றாள். கோபல்ல கிராமத்தார் கள்வனைப் பிடிக்கின்றனர், கோட்டையார் வீட்டாரின் முன்னிலையில் ஊர் கூடி வழக்கை ஆராய்கின்றது, அவன் கழுவேற்றப்படுகின்றான். இடையே பழங்கதை விரிகின்றது. கொலையும் குடியேற்றமும் ஒட்டாமல் நிற்பன, கதைக்கோப்புத் தளர்ந்தது என ஒருவர் கருதலாம். கதைகளைச் சரமாகத் தொடுத்துச் சொல்லும் நாட்டார் மரபு நூலிற் பெரிதும் விரவியிருத்தலின் அக்கருத்து எழுதல் இயல்பே.

எனினும் அமைப்பினுள் ஒரு நேர்மை உண்டு. இறந்தவள் அவ்வூராள் அல்லள்; வழிச்செல்வோள். அவள் பொருட்டு ஊர் முழுதும் கூடுகின்றது. ஊராருடைய முன்னோர் ஒரு பெண்ணைக் காக்க வழிநடந்தவர். இன்று வழிநடந்த பெண் ஒருத்தி அவர்கள் எல்லையில் மாள்கின்றாள். அன்று ஓடியவர் இன்று பொறுப்பேற்பவர் ஆகின்றனர். 'நாங்கள் எங்ஙனம் வந்தோம்' என்னும் கதைக்கு முன்னே 'இங்கு வந்தவர்க்கு நாங்கள் யாது செய்தோம்' என்னும் நிகழ்ச்சியை ஆசிரியர் வைத்தார். நிலைகொண்டமைக்குச் சான்று காடு திருத்தியது அன்று. அயலாளின் சாவிற்கு விடை கூறியது. மாதரி தனியாளாக ஏற்ற பொறுப்பை ஈண்டு ஓர் ஊர் ஏற்கின்றது.

இப்புதினத்தின்மேல் ஒரு தடையும் எழுப்பலாம். வந்தவர் கண்ணில் அந்நிலம் காடாகவே தோன்றுகின்றது. திருத்தியவரின் நினைவே நூலின் நினைவு; ஆகலின் அவர்தம் உழைப்பும் அச்சமும் நகையும் அழகுபெற விளங்குகின்றன. அவ்வூரில் உழைப்புக்கென வந்து எல்லையில் தங்கியவர் பார்வை அதே அளவிற்கு விளங்கவில்லை. இதனை ஆசிரியரின் குற்றமாகக் கூறுதல் தகாது. எந்த நினைவும் தன் வாயிலில் நின்றே உலகைக் காணும். ஆயினும் அக்குறையை நிறைவு செய்யும் நூல் கரிசலிலேயே மூன்றாண்டிற்குள் தோன்றியது என்பது மகிழ்தற்குரியது.

5. பிறகு: வேண்டப்பட்டவன், ஏற்கப்படாதவன்

பூமணியின் 'பிறகு' அழகிரி என்னும் தோல்தொழிலாளி மணலூத்து என்னும் ஊருக்குக் குடிவந்து வாழ்வதைக் கூறுவது. நாடு விடுதலை பெற்றதை அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் வாழ்க்கை அதிற் காட்டப்பெறுகின்றது. செருப்புத் தைப்பவன் இன்றி உழவர் கரிசல் முள்ளில் நடத்தல் அரிது. கமலைத் தோலைச் செப்பனிடுவான் இன்றிக் கிணற்றுநீர் வயலுக்கு ஏறுதல் அரிது. எனவே அழகிரி ஊருக்கு இன்றியமையாதவன். ஆயினும் அவன் மனை ஊரின் எல்லையிலேயே உள்ளது.

ஈண்டு நுட்பம் ஒன்று காணப்படும். கண்ணகிக்கு மாதரி அன்பால் புகல் தந்தாள். கோபல்ல கிராமத்தார் நிலத்தைத் தாமே எடுத்துக்கொண்டனர். அழகிரிக்கோ அன்பும் இல்லை, நிலமும் இல்லை. தேவை ஒன்றே உண்டு. தேவையால் வந்த அழைப்பு தொழிலை உள்ளே விடுகின்றது. தொழிலாளியை வாயிலில் நிறுத்துகின்றது. அவன் தைத்த தோல் ஊரார்க்கு நீர் இறைக்கும். அந்நீரைக் கிணற்றில் அவனே இறங்கி மொள்ளும் உரிமை வேறு. விருந்து ஏற்றலே குடிபுகலின் நிறைவு எனின், தன் கையுணவை ஊரார் ஏலாத இடத்தில் அழகிரி எவரை விருந்தாக ஏற்பான்? சிலம்பில் காலம் போதாமையால் நிறைவுறாத குடிபுகல், ஈண்டுக் காலம் எத்துணைக் கழியினும் நிறைவுறாது நிற்கின்றது.

'பிறகு' என்னும் தலைப்பின் கூர்மை இதனாலேயே விளங்கும். விடுதலைக்குப் பிறகு என்பது ஒரு பொருள். 'பிறகு பார்ப்போம்' என ஒத்திப்போடுதலும் அச்சொல்லின் வழக்கே. பூமணி உரத்துக் குற்றம் சாட்டுவதில்லை. மக்கள் தம் பேச்சிலேயே சினமும் நகையும் தோன்ற வாழ்கின்றனர். இவ்வடக்கமே நூலின் வன்மை. ஆயினும் படிப்பார் உள்ளத்தில் வினா எழாமல் இராது: குடிவந்தவன் குடியானது எப்போது?

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவது, புதுமனை புகுதல் நுழைந்த நாளில் முடிவதன்று. நீரும் தீயும் அதன் தொடக்கமே. விருந்தாக வந்தவர் விருந்து ஏற்பவர் ஆகும் நாளே அதன் முடிவு. இரண்டாவது, அம்மாற்றம் புகுந்தாரின் முயற்சியால் மட்டும் நிகழாது. ஏற்பார் வேண்டும். மாதரி ஏற்றாள், காலம் இடம்தரவில்லை. கோபல்லத்தார் தாமே ஏற்பார் ஆயினர். மணலூத்து ஏலாது நின்றது. மூன்றாவது, கரிசற் புதினங்கள் இரண்டையும் தனித்தனியே படித்தல் போதாது. ஒன்று திண்ணையிலிருந்து கண்ட ஊர். மற்றொன்று எல்லையிலிருந்து கண்ட ஊர். இரண்டும் சேர்ந்தே ஊர் முழுமை பெறும்.

சிலப்பதிகாரத்தை அரசியலும் கற்பும் ஊழும் பற்றிய காப்பியமாகவே ஆராய்ந்து வருகின்றோம். அதனைக் குடிபெயர்ந்தார் காப்பியமாகவும் ஆராய்தல் வேண்டும். அங்ஙனம் ஆராயின் இக்காலக் கரிசல் இலக்கியத்திற்கும் அதற்கும் உள்ள உறவு பின்னும் தெளிவுபெறும். புகல் என்னும் ஒரு சொல்லுள் நுழைவையும் அடைக்கலத்தையும் ஒருங்கு வைத்த மொழி நம் மொழி. நுழைந்தவரைக் காத்தால் அன்றி நுழைவு நிறைவுறாது என்பதே அச்சொல்லின் உட்கிடை போலும்.