பழைய மென்பொருளுக்காகத் தளர்த்தப்படும் காவல்

இலங்கைத் தமிழ் அச்சுத்தொழில் நெடுங்காலம் அடோபி பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளையும், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய பாமினி எழுத்துருவையும் நம்பி வளர்ந்தது. மாத்தளை போன்ற ஒரு நகரில் கோயில் திருவிழா மலரோ பாடசாலை ஆண்டு மலரோ பழைய கோப்பிலிருந்து மீண்டும் அச்சேற வேண்டுமானால், 2001இல் வந்த 7.0 பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன அம்மென்பொருளையே நாட வேண்டியிருப்பதால், அதைக் கைவிடாதவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது நியாயமன்று.

குறை, அதற்காகக் கணினி முழுவதன் காவலையும் தளர்த்தும் வழக்கத்தில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் செயலிகள் பல, தம் அமைப்புக் குறிப்புகளை நிரல் கோப்புறையிலேயே எழுதிக்கொள்பவை. 2007இல் விஸ்டாவுடன் வந்த பயனர் கணக்குக் கட்டுப்பாடு, அதாவது உரிய அனுமதியின்றி இயங்குதளத்தில் மாற்றம் செய்ய விடாத ஏற்பாடு, அதனை மறிப்பதால், பலர் அக்கட்டுப்பாட்டையே நிறுத்திவிடுகின்றனர். செயலி உடனே ஓடுகிறது, செலவும் இல்லை; ஆனால் வாடிக்கையாளர் பென்டிரைவில் வரும் தீநிரலும் அதே தடையற்ற உரிமையைப் பெற்றுவிடுகிறது. அந்த ஒரு செயலியை மட்டும் கணினி நிர்வாகி உரிமையோடு இயக்கினாலே பெரும்பாலும் போதுமானது.

காவல் முழுவதையும் நிறுத்துவதற்கும் ஒரு செயலிக்கு மட்டும் விலக்களிப்பதற்கும் உள்ள வேறுபாடு கணினி விளையாட்டுகளிலும் தெளிவாகும். நினைவகத்தில் தரவுக்கென ஒதுக்கிய பகுதியிலிருந்து கட்டளைகள் இயங்குவதைத் தடுக்கும் காவல் 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைப்பொதியில் சேர்ந்தது. அதில் இடறும் பழைய விளையாட்டுக்கு மட்டும் விலக்களிக்க விண்டோஸே வழி வைத்திருக்கிறது. இறுவட்டு விளையாட்டுகளில் நகலெடுப்பைத் தடுத்த சேஃப்டிஸ்க்கின் நிலை வேறு: அதன் இயக்கி இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ஓடியது, அதில் ஓட்டை இருந்தது, ஆகவே 2015இல் விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதை மீண்டும் உயிர்ப்பித்தால் ஆபத்து விளையாட்டோடு நிற்காது. இங்கே விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இது சிறு கடைகளின் சிக்கல் மட்டுமன்று. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணிமை வலையமைப்பைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, அதன் மின்னஞ்சல் சேவை, அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் வழங்கி மென்பொருளில் இயங்கிக்கொண்டிருந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் வழங்கியில் பழைய மென்பொருளை வைப்பதும், இணைப்பில்லாத மேசைக் கணினியில் வைப்பதும் ஒரே தவறாகா. முன்னதற்குச் சமாதானமே கிடையாது.

ஆகவே மாத்தளை அச்சகங்கள் பேஜ்மேக்கரை இணையம் அற்ற தனிக் கணினி ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதனை நிரந்தர ஏற்பாடாகக் கொள்ளலாகாது. பேஜ்மேக்கர் கோப்புகளை அடோபியின் பிந்திய வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 வரையான பதிப்புகளே நேரடியாகத் திறக்கும் என்பதால், அவை கைக்கு எட்டும்போதே அக்கோப்புகளை மாற்றி, பாமினி உரையை ஒருங்குறிக்குக் கொண்டுவருவது அவசியம்.