தொலைந்த தொப்பியும் வராத கீரியும்

மேஜிக் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை கட்டாயம் வந்துவிடும். நிகழ்ச்சிக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு, முக்கியமான சாமானைக் காணோம். மனுஷன் பதறவில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார், ஒரே கைதட்டல். இந்த ரகத்தில் உலகப் பிரசித்தம் பிரிட்டன்காரர் டாமி கூப்பரின் கதை. இரண்டாம் உலகப்போர் சமயம் ராணுவத்தில் இருந்தவர், எகிப்தில் சிப்பாய்களுக்கு மேஜிக் செய்து காட்டினார். கெய்ரோவில் ஒருநாள், வழக்கமாகப் போடும் துரைத் தொப்பியை மறந்துவிட்டார். அந்தப் பக்கம் போன சர்வர் தலையில் இருந்த துருக்கித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். சிரிப்பு அள்ளியது. அன்றிலிருந்து சாகும்வரை அந்தச் சிவப்புத் தொப்பிதான் அவருக்கு அடையாளம்.

நல்ல கதைதான். ஆனால் இதைச் சமயோசித புத்திக்கு உதாரணமாகச் சொல்கிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தொலைந்தது வெறும் தொப்பி. அது எந்த வித்தையையும் செய்யவில்லை, தலைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். வித்தையைச் செய்யும் பொருள் வேறு, பார்வைக்கு வைக்கும் பொருள் வேறு. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. கூப்பர் எந்தத் தொப்பியோடு வந்திருக்க வேண்டியவர் என்று கீழே உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத பொருள் எப்படித் தொலையும்?

எங்கள் காட்டூர்ப் பக்கம், பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்திருப்பார்கள். இன்றைக்கு உன் பாடு, உன் வலை கிழிந்திருக்கிறது என்றால் கரையில் எல்லாருக்கும் தெரியும். 'நான் இன்றைக்கு வேறு மாதிரி செய்யலாம்னு இருந்தேன்' என்று கதை விட முடியாது. நான் பார்க்கும் சாஃப்ட்வேர் வேலையும் அப்படித்தான். என்னென்ன தருவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம், டெமோவில் ஒரு பட்டன் வேலை செய்யாவிட்டால் மானம் போகும். மேஜிக்காரர் மட்டும்தான் யாரிடமும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லாதே என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். ரகசியத்தைக் காப்பதற்கு மட்டுமல்ல அது, வழி மாறினாலும் யாருக்கும் தெரியாமல் இருப்பதற்கும்தான்.

நம்ம ஊர்ப் பழைய வித்தைக்காரர்களுக்கு இது சுலபம். செப்பிடு வித்தை என்ற பெயரிலேயே சாமான் இருக்கு, பாருங்க. செப்பு என்றால் சின்னக் கிண்ணம், சிமிழ். குழந்தைகள் விளையாடும் செப்புச் சாமான் ஞாபகம் வருதா? மூன்று கிண்ணம், சில உருண்டைகள், அவ்வளவுதான். கிண்ணம் காணாமல் போனால் டீக்கடையில் தம்ளர் வாங்கிக்கலாம், உருண்டைக்குத் துணியைச் சுருட்டிக்கலாம். தொலையக் கூடாதது விரல்களில் இருக்கு. மேலை நாட்டில் மேக்ஸ் மாலினி (1873–1942) என்றொருவர் இருந்தார். பணக்காரர்களின் விருந்துகளில், அங்கே இருக்கும் சாமான்களையே இரவல் வாங்கி வித்தை செய்வார். சாப்பாட்டு மேஜையில் தொப்பியைத் தூக்கினால் அடியில் பெரிய ஐஸ்கட்டி இருக்கும். பார்த்தவர்களுக்கு அது அந்த நிமிஷத்தில் தோன்றியது மாதிரி தெரிந்திருக்கும். ஐஸ்கட்டி தற்செயலாக வந்து உட்காராது, முன்னேற்பாடு இருந்தே ஆகணும்.

பெரிய பெட்டிகள் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. ஆளை அறுக்கும் பெட்டியில் வித்தையைச் செய்வது பெட்டிதான். அது லாரியில் வராவிட்டால் எந்தச் சமயோசிதமும் உதவாது, அந்த ஐட்டத்தைத் தூக்க வேண்டியதுதான். மிச்சம் இருக்கும் ஒரே சுதந்திரம் நேரம்.

நேரத்தை வைத்து விளையாடியவர் வங்காளத்து பி.சி.சர்க்கார். 1956 ஏப்ரல் 9, பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு. 17 வயதுப் பெண்ணை மின்ரம்பத்தால் அறுத்தார். அப்புறம் அவளை எழுப்பிப் பார்த்தார், அசைவில்லை. கையைத் தேய்த்தார், பலனில்லை. தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பெண் செத்துவிட்டாள் என்று பதறி ஜனங்கள் பிபிசிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். நேரம் போதவில்லை என்று பிபிசி விளக்கம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் இதே பேச்சு, லண்டன் நாடக அரங்கில் அவருடைய டிக்கெட்டுகள் பறந்தன. தற்செயலா, திட்டமா? திட்டம் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு டிவி பார்த்தவர்களால் அதைத் தீர்மானிக்க முடியவே முடியாது.

இதற்கு நேர் எதிரானது 28 வருஷம் கழித்து நடந்தது. 1984 ஏப்ரல் 15, லண்டன் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டர். அதுவும் நேரடி ஒளிபரப்பு. மேடையில் அதே துருக்கித் தொப்பியோடு டாமி கூப்பர். வித்தை சொதப்புவதுதான் அவருடைய பாணி, ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். நடுவில் அவர் திரைச்சீலைக்கு முன்னால் அப்படியே சரிந்து விழுந்தார். மாரடைப்பு. அரங்கமே சிரித்தது. சமயோசிதக் கதைகளை ரசித்துச் சொல்பவர்கள் கெய்ரோவோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்று புரிகிறது. தொப்பி மாறியதைக் கவனிக்காத அதே கண்கள்தான் இங்கேயும். எது திட்டம், எது விபத்து என்று தெரியாத கூட்டம் கலைஞனைக் காப்பாற்றும். ஆனால் நிஜமாகவே உதவி தேவைப்படும்போது அதற்குத் தெரியாது.

இந்த விதியைத் தலைகீழாக்கியவர் நம்ம மோடி மஸ்தான். அவர் முதலிலேயே அறிவித்துவிடுவார்: இதோ கீரியையும் பாம்பையும் சண்டைக்கு விடப்போறேன். அந்தச் சண்டை கடைசிவரை வராது. நடுவில் தாயத்து விற்று முடிந்துவிடும். மோசடி என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம், பலர் தள்ளியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மேடை நுட்பம் தெரிகிறது. சாமான் இல்லாமலே சாமானைக் காட்டி நிறுத்தி வைக்கிற நுட்பம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமானது. பாம்புகளுக்கு அது நல்லதுதான், மறுப்பில்லை. மகுடி ஊதிப் பிழைத்தவர்களுக்கோ வித்தையைச் செய்யும் சாமானே போனது, பதிலுக்கு வைக்க ஒன்றுமில்லை. மோடி மஸ்தானுக்கு அவ்வளவு நஷ்டம் வந்திருக்காது.

சின்ன வயசில் பொன்னேரியில் ஒருத்தரைப் பார்த்திருக்கிறேன். மூடி போட்ட கூடை, பக்கத்தில் ஒரு முளைக்குச்சி, அதில் கயிறு. கயிற்றின் மறுமுனை ஒரு சாக்குப்பையின் அடியில் போயிருந்தது. அதில் கீரி இருந்ததா என்று இப்போ யோசித்தாலும் சொல்ல முடியவில்லை. தட்டில் இருந்த தாயத்துகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன.