சக்திமானைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது

நாவலூர் ஏஜிஎஸ்ஸில் மார்வெல் படங்கள் பார்த்து வளரும் பிள்ளைக்கு ‘ஹமாரா ஹீரோ சக்திமான்’ போட்டுக் காட்டினால், பத்து நிமிஷத்தில் “கிராபிக்ஸ் மொக்கைப்பா” என்று எழுந்துவிடும். பிள்ளை சொல்வது சரிதான். ஆனால் கிராபிக்ஸுக்காகப் பார்க்கிற படமில்லை இது. 2013-இல் போகோ சேனலில் வந்த டிவி படம். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஓடிய ‘சக்திமான்’ சூப்பர்ஹீரோ தொடரின் வாரிசு.

எனவே முதலில் தொடரில் இரண்டு மூன்று எபிசோடாவது பாருங்கள். அதிலும் சக்திமானைக் கொஞ்சம் விட்டுவிட்டுக் கங்காதரைக் கவனியுங்கள். முழுப்பெயர் பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி! பத்திரிகை போட்டோகிராபர். துருத்திய பல், கண்ணாடி, அசட்டுச் சிரிப்பு. அதே முகேஷ் கன்னா பல்லையும் கண்ணாடியையும் கழற்றி, முதுகை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தால் சக்திமான். ‘மகாபாரத’த்தில் பீஷ்மராக நடித்தவர் என்பது அந்தக் குரலிலேயே தெரியும். பம்பரமாய்ச் சுழல்வதெல்லாம் அப்புறம்தான்.

அமெரிக்காவில் இந்த இரட்டை உருவத்துக்கு வேறு வழி பிடித்தார்கள். 1982-இல் நின்றுபோன ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடர், 1988-இல் டிவி படமாகத் திரும்பி வந்தது. சாதுவான டாக்டர், பில் பிக்ஸ்பி. கோபம் வந்தால் பச்சைச் சாயம் பூசிய பாடிபில்டர் லூ ஃபெரிக்னோ. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு உடம்பு. போதாததற்குத் தோரையும் விருந்தாளியாகக் கூட்டிவந்தார்கள். அவரை வைத்துத் தனித் தொடர் எடுக்கும் கணக்கு, அது நடக்கவில்லை.

திரும்பி வந்தபோது பிக்ஸ்பிக்கு வயது 54. முகேஷ் கன்னாவுக்கு 55. சினிமாவில் வயதானால் ஆளை மாற்றிவிடுவார்கள். பேட்மேனுக்கு எத்தனை முகம் பார்த்துவிட்டோம். வாராவாரம் கூடத்துக்கு வந்துபோன ஆளை அப்படி மாற்ற முடியாது. அதனால் சண்டையைவிட குளோசப்பைப் பாருங்கள். தாடை கனத்திருக்கும், அசைவு மட்டுப்பட்டிருக்கும். அதைக் குறையாக எடுத்துக்கொண்டால் படமே போச்சு.

தொடரில் வரும் உபதேசத்தையும் ஓட்டிவிடாதீர்கள். தப்பு செய்த பிள்ளை “சாரி சக்திமான்” சொல்வது அந்தத் தொடரின் பழக்கம். அன்றைய வீடு, சட்டை, புத்தகப்பை எல்லாம் அந்தக் குட்டிக் காட்சிகளில்தான் இருக்கின்றன. படம் தொடருக்கு ஈடில்லை என்பதுதான் என் கட்சி. ஆனாலும் தொடரைப் பார்த்தவர்களுக்கு அதைத் தவிர்க்கவும் மனசு வராது.

இந்தி தெரியாதே என்கிறீர்களா? ஓ.எம்.ஆர். அபார்ட்மெண்டில் இந்தி பேசும் குடும்பத்துக்கா பஞ்சம்? முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவரைப் பிடித்துவந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். வசனத்தோடு தன் பால்யத்தையும் சேர்த்துச் சொல்லித் தருவார். டீயும் பஜ்ஜியும் உங்கள் செலவு.